பொன்முடிக்குப் போன பெட்டி

ஊருக்கு டிக்கெட் போடும் நேரம் வந்தாலே எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். இந்த முறை கொஞ்சம் பெரிய பஞ்சாயத்து. "ஆச்சி வீட்டுக்கு வரேன்ப்பா, ஆனா என் கம்ப்யூட்டரும் வரணும்" என்று பதினாறு வயது மகன் சொல்லிவிட்டான். அவனுடைய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் ஒரு பீரோவைப் போல நிற்கிறது. தூக்கிப் பார்த்தவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

போன வருடம் இதே காரணத்துக்காக அவன் வரவில்லை. அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளைக்குப் படிப்பு இருக்கும்" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானம்தான் தோஹாவுக்குத் திரும்பி வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு 78 வயது.

அதனால் இந்த வருடம் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். என் நிபந்தனை ஒன்றே ஒன்று: விமானத்தில் கையோடு கொண்டுபோகும் 7 கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். பி.காம். படித்துவிட்டு வங்கியில் வட்டிக் கணக்கு பார்ப்பவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. ஐந்தாறு மாதம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்ததில் பாதிக்கு மேல் சரித்திரம். இந்தப் பெட்டிகளின் சரித்திரமே சூட்டை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்ற சரித்திரம்தான்.

முதலில் பொன்முடியைப் பற்றி. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றுலா வருபவர்களுக்கு அது மஞ்சும் புல்வெளியும். எங்களுக்கு அது தேயிலைத் தோட்டம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அக்காவும் மச்சானும் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அம்மா அவர்களோடு.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது பார்த்த ஒரு காட்சி இத்தனை வருடம் கழித்து உதவும் என்று நினைக்கவில்லை. பறித்த இலையை நீளமான தொட்டிகளில், கம்பி வலை மேல் பரப்பி வைத்திருப்பார்கள். அடியிலிருந்து ஒரு ராட்சத ஃபேன் காற்றைத் தள்ளும். காற்று இலைக்குள் நுழைந்து, ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலே போகும். இலையைக் கனமாகக் குவித்துவிட்டால் காற்று நுழையாது, அடி இலை புழுங்கிப் போகும். "ஃபேன் எவ்வளவு பெரிசுங்கிறது ரெண்டாவதுடா. காத்துக்கு உள்ள வர ஒரு வழியும் வெளிய போக ஒரு வழியும் இருக்கா, அதைப் பாரு" என்பார் அப்பா. இன்றைக்குக் கேபினெட் வாங்கப்போகும் எவருக்கும் இதைவிட நல்ல அறிவுரை கிடைக்காது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

1946-ல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. ஓடும்போது சுமார் 150 கிலோவாட் மின்சாரம் குடித்தது. (இந்த 150 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) உள்ளே போகும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதனால் எனியாக்கை அறை முழுக்கக் காற்று அடித்துக் குளிர்வித்தார்கள். நம் நாட்டிலும் அதே கதை. மும்பையில் டாட்டா ஆராய்ச்சி நிலையம் 1960-ல் இயக்கிவைத்த டிஃப்ராக், 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 1620, 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 எல்லாமே ஏசி அறையில் வாழ்ந்த ராஜாக்கள்.

வங்கிகளுக்குள் கணினி வந்தது ரங்கராஜன் கமிட்டியின் 1984, 1989 அறிக்கைகளுக்குப் பிறகு. நான் வேலைக்குச் சேர்ந்த 2003-ல்கூட எங்கள் கிளையில் ஏசி இருந்தது ஒரே ஓர் அறையில். அது சர்வர் ரூம். மேனேஜருக்கு ஃபேன். மே மாதத்தில் அவர் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய் கால் மணி நேரம் நின்றுவிட்டு வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு :-)

வீட்டுக்கு வந்த பெட்டியின் கதை வேறு மாதிரி. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் இன்டெல் 8088 சில்லுக்கு ஒன்றிரண்டு வாட் போதும். அதன் தலையில் ஃபேனும் கிடையாது, அலுமினியத் தகடும் கிடையாது. பெட்டி முழுமைக்கும் சேர்த்து 63.5 வாட் பவர் சப்ளை. 486 காலத்தில் தகடு வந்தது, 1993-ல் பென்டியம் வந்தபோது ஃபேனும் கட்டாயமாகிவிட்டது.

ஏன் இத்தனை நாள் சமாளிக்க முடிந்தது, பிறகு ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1974-ல் ஒரு கணக்கைச் சொன்னார். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் அதற்கு வேண்டிய வோல்டேஜும் அதே அளவில் குறையும். ஆகவே ஒரே பரப்பில் நிறைய டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் மொத்தச் சூடு ஏறாது. முப்பது வருடம் இந்தக் கணக்கு பலித்தது. 2004 வாக்கில் பொய்த்துப்போனது. டிரான்சிஸ்டர் ரொம்பச் சின்னதானதும், அணைத்து வைத்திருக்கும்போதே மின்சாரம் கசிய ஆரம்பித்தது. வோல்டேஜை அதற்கு மேல் குறைக்கவும் முடியவில்லை. இன்டெல்லின் பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 அந்த வருடம் வந்தது. அதன் மேல்தட்டு ரகங்கள் 115 வாட். அடுத்து வரவேண்டிய தேஜாஸ் சில்லை (ஆமாம், நம்ம தேஜஸ்தான்!) 2004 மே மாதமே இன்டெல் கைவிட்டது. 2006-ல் கோர் 2 டுவோ வந்து 65 வாட்டில் அதைவிட அதிக வேலை செய்த பிறகுதான் உலகம் மூச்சு விட்டது.

இது எனக்குப் புத்தகக் கதை இல்லை. 2005-ல் முதல் போனஸில் நான் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் இருந்தது ஒரு பிரெஸ்காட். அக்காலத்துக் கம்ப்யூட்டர் டேபிள் ஞாபகம் இருக்கிறதா? கீழே கேபினெட் வைக்க மூன்று பக்கமும் அடைத்த ஓர் அறை, முன்னால் கதவு வேறு. தூசி படக்கூடாது என்று நான் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். அதற்கு மேல் ஒரு பூப்போட்ட துணி. அப்பா சொன்ன உள்வழி, வெளிவழி இரண்டையும் நானே என் கையால் அடைத்துவிட்டேன். ஒரு வருடம் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. அதோடு சரி.

அந்த டிஸ்க்கில் அப்பா பேசிய நாற்பது நிமிட ஒலிப்பதிவு இருந்தது. தாத்தா மலை ஏறி வந்த கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மைக் முன்னால் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னது. வேறு பிரதி எடுக்கவில்லை. அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். சூட்டினால்தான் டிஸ்க் போனது என்று பழுது பார்த்தவர் சொன்னார், நானும் பல வருடம் அப்படியே நம்பினேன். 2007-ல் கூகிள் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், சூட்டுக்கும் டிஸ்க் சாவுக்கும் நாம் நினைக்கும் அளவு நேரடித் தொடர்பு இல்லை, மிக அதிகச் சூட்டில்தான் வித்தியாசம் தெரிகிறது என்று கண்டிருந்தார்கள். என் பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருந்தது என்று நான் அளந்ததில்லை. என்ன இருந்தாலும் பிரதி எடுக்காதது என் தப்பு. அதற்குப் பிரெஸ்காட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

சின்னப் பெட்டிக்கு வருகிறேன். தைவானின் வியா நிறுவனம் 2001-ல் மினி ஐ.டி.எக்ஸ். என்று 17 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மதர்போர்டு அளவைக் கொண்டுவந்தது. விளையாட்டு அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. சூடு குறைந்த, சத்தமில்லாத சின்ன மெஷின்தான் நோக்கம். அதே வருடம், அதே தைவானிலிருந்து ஷட்டில் என்ற கம்பெனி ரொட்டிப்பெட்டி அளவில் ஒரு முழுக் கணினியை விற்க ஆரம்பித்தது. நண்பர் வீட்டுக்குத் தூக்கிப்போய் வயர் மாட்டி விளையாடும் பையன்களுக்கு அது வரப்பிரசாதம். இதற்கு நடுவில் இன்டெல், பெட்டிக்குள் காற்று நேர்கோட்டில் ஓட வேண்டும் என்று பி.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. நல்ல யோசனை, ஆனால் சில்லே குளிர்ந்து போனதும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 2006-ல் கைவிட்டார்கள். வியாவின் 17 சென்டிமீட்டர்தான் இன்றுவரை நிற்கிறது. என் மகனின் பெட்டியிலும் அதே அளவுதான்.

சின்னப் பெட்டி சாத்தியமானதற்கு இன்னொரு காரணம் ஹீட் பைப். மூடிய செம்புக் குழாய், உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர். காற்றழுத்தம் இல்லாததால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகி, குழாயின் உள்சுவரில் இருக்கும் திரி போன்ற பகுதி வழியாகத் திரும்பி வரும். இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி நீராகிச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார். முதலில் பயன்பட்டது விண்வெளிக் கருவிகளுக்கு. அங்கிருந்துதான் நம் மேசைக்கு இறங்கி வந்தது.

விண்வெளி என்றதும் எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் போனால் எப்படி? திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே 2 அன்று சாகா 220 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தார்கள். வேகம் 220 டெராஃபிளாப், அப்போது இந்தியாவிலேயே அதிகம். ராக்கெட்டைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்பது போன்ற கணக்குகளுக்காகக் கட்டியது. செலவு சுமார் 14 கோடி ரூபாய். கடையில் கிடைக்கும் பாகங்களை வாங்கி இஸ்ரோக்காரர்களே வடிவமைத்துச் சேர்த்தார்கள். சொல்லப்போனால் அதுவும் ஓர் அசெம்பிள்டு கம்ப்யூட்டர்! 400 ஜியான் பிராசசர்கள், 400 என்விடியா டெஸ்லா 2070 கார்டுகள்.

இந்த டெஸ்லா 2070 வேறு யாருமில்லை. 2010-ல் வந்த ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 470, 480 என்ற விளையாட்டுக் கார்டுகளில் இருந்த அதே ஃபெர்மி சில்லு. 480-ஐப் பார்த்து உலகமே சிரித்தது. 250 வாட் என்றார்கள், மேலே முட்டை பொரிக்கலாம் என்றார்கள். அப்படிப்பட்ட சில்லில் 400-ஐ ஒரே இடத்தில் வைத்து ஓட்டினார்கள் நம்மவர்கள். மொத்தம் எத்தனை மின்சாரம் தெரியுமா? 150 கிலோவாட். எனியாக் குடித்த அதே அளவு! எனியாக் ஒரு விநாடிக்கு 5000 கூட்டல் போட்டது. சாகா போட்டது 220 லட்சம் கோடி கணக்குகள். "விளையாட்டு கார்டுக்கு இவ்வளவு காசா" என்று நான் முறைத்தபோதெல்லாம் மகன் இந்தக் கதையைத்தான் எடுத்து நீட்டினான். பதில் சொல்ல முடியவில்லை.

சூட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு லாப நட்டக் கணக்கு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 2005-ல் வந்தது. ஒடுக்கமான பெட்டி. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில்லுக்குள் இருந்த நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயின. முகப்பில் மூன்று சிவப்பு விளக்கு எரியும், பெட்டி செத்துவிடும். 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கினார்கள். ஒரு வங்கிக்காரனாக அந்த ஒதுக்கீட்டைப் படித்தபோது எனக்கே வியர்த்தது.

ஆகவே நான் பாகங்களைத் தேர்ந்தெடுத்தது பட்ஜெட் போடுவது மாதிரி, ரூபாய்க்குப் பதில் வாட்டில். ஒரு 10 லிட்டர் பெட்டியில் எத்தனை வாட்டை வெளியேற்ற முடியுமோ அவ்வளவுதான் வருமானம். மகன் முதலில் கேட்டது ஆர்.டி.எக்ஸ். 5090. அது மட்டுமே 575 வாட், ஓர் இஸ்திரிப்பெட்டியின் பாதி. முடியாது என்று சொல்லி 180 வாட்டுக்குள் அடங்கும் 5060 டி.ஐ. கார்டில், அதுவும் குட்டை ரகத்தில், சமரசம் ஆனோம். பிராசசர் ரைசன் 5 7600, பெயரளவில் 65 வாட், முழுமூச்சில் 88 வரை போகும். கூலர் 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள தட்டையான ரகம். பவர் சப்ளை எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சின்ன அளவு. கண்ணாடிக் கதவு வேண்டாம், நாலு பக்கமும் ஓட்டை போட்ட தகடு போதும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. கலர் கலரான விளக்கு அவன் இஷ்டம்.

இன்னொரு வேலையும் செய்தோம், காசில்லாத வேலை. ஒரு சில்லின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். கூட்டு வட்டி தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வோல்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால் சூடு பத்தல்ல, 19 சதவீதம் குறைகிறது. கிராபிக்ஸ் கார்டின் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் விளையாடிப் பார்த்து, தகராறு வந்ததும் ஒரு படி மேலே வந்து நிறுத்திக்கொண்டோம். வேகம் குறைந்ததா என்று கேட்டால் எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

எடை 6 கிலோ 300 கிராம் வந்தது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துணிகளுக்கு நடுவில் வைத்தேன். மாட்டியபடியே கொண்டுபோனால் ஒரு குலுக்கலில் மதர்போர்டின் சொருகு உடைய வாய்ப்பு உண்டு, அதுவும் 22 வளைவு ரோட்டில்.

மலையில் போய் என்ன ஆகும் என்பதுதான் எனக்கிருந்த உண்மையான சந்தேகம். மேலே குளிர் என்பதால் பெட்டி ஜில்லென்று ஓடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாதிதான் சரி. 1100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே சுற்றுச் சுற்றினாலும் தள்ளும் காற்றில் சரக்கு குறைவு. மலைக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பது எங்கள் பக்கத்தில் பழைய பழக்கம்தான். திருவனந்தபுரம் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் 1855-லேயே பக்கத்து அகஸ்தியமலை உச்சியில் ஓர் ஆய்வகம் கட்டி, கீழேயும் மேலேயும் அளவெடுத்தார். நானும் என் பங்குக்கு அளந்தேன். தோஹாவில் ஏசி போட்ட 24 டிகிரி அறையில், ஃபேன் வேகத்தைப் பூட்டிவைத்து, கிராபிக்ஸ் கார்டு 68 டிகிரி. ஏசியை அணைத்து அறை 33 ஆனபோது 77. பொன்முடியில் அக்கா வீட்டில், 22 டிகிரியில், அதே விளையாட்டு, அதே ஃபேன் வேகம்: 69! குளிர் கொடுத்ததை மெல்லிய காற்று பிடுங்கிக்கொண்டுவிட்டது.

உண்மையில் அங்கே பயப்பட வேண்டியது வேறு. ஜூலையில் மஞ்சு ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். இரவு முழுக்க அணைத்துக் கிடக்கும் பெட்டியில் ஈரம் சேரும். அதனால் அணைத்து ஆறியதும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடச் சொன்னேன். அப்புறம் இடி. கேரளத்து இடி பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துலாவர்ஷத்திலும் ஏப்ரல், மே மாதங்களிலும் எத்தனை டி.வி.யைச் சாப்பிட்டிருக்கிறது! வானம் உறுமினால் பிளக்கோடு நெட் வயரையும் பிடுங்க வேண்டும். நெட் வயரை மறந்தவர்கள்தான் அதிகம் அடி வாங்கியவர்கள். கரண்ட் போய் வருவதற்கு ஒரு சின்ன யு.பி.எஸ். விதுராவில் வாங்கினோம்.

இரண்டாம் நாளே அம்மா அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். பேரன் விளையாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தவள், பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். "என்னல இது, அடுப்பு மாதிரி காத்து வருது?" அவன் விளக்கினான், பிராசசர், ஃபேன், ஹீட் பைப் எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பதிலுக்குத் தொழிற்சாலையில் தாத்தா இலை வாட்டிய கதையை அவள் சொன்னாள். அவன் விளையாட்டை நிறுத்திவிட்டு போனில் பதிவு செய்தான். அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், மூன்று நாளாகக் காயாத தோர்த்து இரண்டும் என் காலுறைகளும் பெட்டியின் பின்பக்கம் ஒட்டினாற்போல ஒரு கயிற்றில் தொங்குகின்றன. கார்டு 81 டிகிரி காட்டுகிறது, ஃபேன் அலறுகிறது, மகன் ஆச்சியிடம் ஒன்றும் சொல்ல முடியாமல் என்னைப் பார்க்கிறான். கயிற்றை ஒரு முழம் தள்ளிக் கட்டிக் கொடுத்தேன்.